மதிப்பெண் பிள்ளைக்கா, பி.டி. பீரியடுக்கா?

ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் நகரில் செயின்ட் நினியன்ஸ் என்றொரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. அங்கே தலைமையாசிரியராக இருந்த எலைன் வைலி, பிள்ளைகள் விளையாட்டு வகுப்பின் வார்ம்-அப்பிலேயே களைத்துப்போகிறார்கள் என்று கண்டு, 2012-இல் ஒரு சின்ன ஏற்பாட்டைத் தொடங்கினார். தினமும் 15 நிமிடம் வகுப்பு மொத்தமும் வெளியே போய் ஓட வேண்டும். பந்தயம் கிடையாது. தனி உடை வேண்டாம், கருவி வேண்டாம், வரிசை வேண்டாம். ஓட முடிந்தவர் ஓடலாம், மூச்சு வாங்கினால் நடக்கலாம். ‘டெய்லி மைல்’ என்று அதற்குப் பெயர் அமைந்தது. சில ஆண்டுகளில் பிரிட்டன் முழுக்கப் பரவி, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போனது. ஸ்காட்லாந்து அரசு அதைத் தன் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது. 2016-இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட குழந்தைப் பருவ உடல் பருமன் தடுப்புத் திட்டத்திலும் அது இடம்பிடித்தது.

இவ்வளவும் நடந்தபோது, அந்த ஓட்டத்தால் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று முறையாக அளந்த ஆய்வு எதுவும் வெளிவந்திருக்கவில்லை. பள்ளி உடற்பயிற்சித் திட்டங்களில் இது வழக்கமான வரிசைதான். முதலில் ஒருவரின் ஆர்வம், பிறகு பத்திரிகைச் செய்தி, பிறகு அரசாணை, கடைசியாக ஆய்வு. ஆய்வு வந்து சேரும்போது திட்டத்துக்கு ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் உருவாகியிருப்பார்கள். அவரவருக்கு வேண்டிய எண்ணை அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

டெய்லி மைலுக்கும் அப்படித்தான் ஆனது. 2018-இல் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் நடத்திய ஆய்வு வெளியானது. ஓடும் பள்ளி ஒன்று, ஓடாத பள்ளி ஒன்று, இரண்டிலுமாக 4 முதல் 12 வயது வரையான 391 பிள்ளைகள். ஓடிய பள்ளியில் மூச்சிரைக்கும் அளவு உடலசைவு நாளுக்கு 9.1 நிமிடம் கூடியது, உட்கார்ந்திருக்கும் நேரம் 18.2 நிமிடம் குறைந்தது. இரு கோடுகளுக்கிடையே மாறி மாறி ஓடும் சோதனையில் சுமார் 39 மீட்டர் கூடுதலாக ஓடினார்கள். தோல் மடிப்பின் தடிமனும் கொஞ்சம் குறைந்திருந்தது. திட்டம் வென்றது என்று செய்திகள் வந்தன.

இரண்டு ஆண்டு கழித்து பர்மிங்காமிலிருந்து இன்னொரு ஆய்வு. இது பெரியது. 40 தொடக்கப் பள்ளிகள், 2,280 பிள்ளைகள். எந்தப் பள்ளி ஓடுவது, எந்தப் பள்ளி வழக்கம்போல் இருப்பது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஓராண்டு கழித்து, உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் பி.எம்.ஐ. அளவைப் பார்த்தார்கள். வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்பச் சரிசெய்த அந்தக் கணக்கில் இரு தரப்புக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.036. தற்செயலாகவே வந்திருக்கலாம் என்று தள்ளிவிடக்கூடிய அளவு. பெண் பிள்ளைகளைத் தனியே பார்த்தபோது 0.097 குறைந்திருந்தது, ஆண் பிள்ளைகளிடம் எதுவும் மாறவில்லை. திட்டம் தோற்றது என்று இப்போது செய்திகள் வந்தன.

ஓர் ஆய்வு சரி என்றால் இன்னொன்று தப்பாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் கேட்ட கேள்வியே வேறு. ஸ்டிர்லிங்கில் ‘பிள்ளைகள் கூடுதலாக அசைகிறார்களா, ஓடும் திறன் கூடுகிறதா’ என்று கேட்டார்கள். பர்மிங்காமில் முதன்மையாக ‘எடை குறைகிறதா’ என்று கேட்டார்கள். ஒரு திட்டத்தை மதிப்பிடுவதில் முக்கால்வாசி வேலை, எந்தக் கேள்வியைக் கேட்பது என்று முடிவுசெய்வதிலேயே முடிந்துவிடுகிறது. கேள்வி பிசகினால் எத்தனை ஆயிரம் பேரை அளந்தும் பயனில்லை.

எடையைப் பற்றிய கேள்வி ஏன் அடிக்கடி பிசகுகிறது என்று பார்ப்போம். 30 கிலோ எடையுள்ள பிள்ளை 15 நிமிடம் மெல்ல ஓடினால் செலவாகும் ஆற்றல், தோராயமாகச் சொன்னால், அறுபது எழுபது கிலோகலோரி. ஒன்றிரண்டு கிரீம் பிஸ்கட்டில் அது திரும்பிவிடும். வீட்டுச் சாப்பாடு, கடைத் தின்பண்டம், தூக்கம், அப்பா அம்மாவின் வேலை நேரம் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும் ஒன்றை, கால்மணி நேர ஓட்டம் தனியாளாக மாற்றிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நம் ஊர் வகுப்பறைக்கு இந்தக் கேள்வி இன்னும் பொருந்தாது. பருமனான பிள்ளையும் ஊட்டம் போதாத பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கு எடை குறைவது நல்லது, அடுத்தவருக்கு எடை கூடுவது நல்லது. இருவரையும் கூட்டிச் சராசரி போட்டு ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினால் அந்த எண்ணுக்கு ஒரு பொருளும் கிடையாது. எடை குறையவில்லை என்பதற்காக விளையாட்டு நேரத்தை வெட்டுவது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது. கணக்குப் பாடம் எடையைக் குறைத்ததா என்று நாம் யாரும் கேட்பதில்லையே.

அதற்காக ஸ்டிர்லிங் ஆய்வை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. அதிலிருந்தவை இரண்டே பள்ளிகள். 391 பிள்ளைகள் என்பது பெரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் ஒரு பள்ளியின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மைதானத்தையும் ஒரே ஆசிரியரையும் ஒரே கால அட்டவணையையும் பகிர்ந்துகொள்கிறவர்கள். அந்தப் பள்ளிக்கு ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் புதிதாக வந்திருந்தால் அத்தனை பேரின் எண்ணும் ஒன்றாக ஏறும். ஆகவே திட்டத்தை எடுத்துக்கொள்ளும் அலகு பள்ளிதான். அப்படிப் பார்த்தால் அந்த ஆய்வில் ஒப்பிடப்பட்டவை ஒன்றுக்கு ஒன்றுதான். பர்மிங்காமில் 40 பள்ளிகளை எடுத்ததும், குலுக்கிப் பிரித்ததும் இதனால்தான். ஆர்வமுள்ள பள்ளிகள் தாமாகவே ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால், நாம் அளப்பது திட்டத்தையா அந்த ஆர்வத்தையா என்று சொல்ல முடியாமல் போகும்.

ஒப்பிடுவதற்குப் பள்ளியே இல்லாமல் செய்யும் மதிப்பீடுகள் இன்னும் மோசம். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது அதுதான். ஜூனில் 600 மீட்டர் ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள், பிப்ரவரியில் மறுபடியும் ஓடவிடுவார்கள், நேரம் குறைந்திருக்கும், திட்டத்தால் முன்னேற்றம் என்று அறிக்கை போகும். இந்த எட்டு மாதத்தில் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள், கால் நீண்டிருக்கிறது. ஜூன் மாதம் சென்னை வெயிலில் ஓடியதும் பிப்ரவரிக் காலையில் ஓடியதும் ஒன்றாகாது. முதல் தடவை ஓடும்போது தொடக்கத்திலேயே வேகத்தைக் கொட்டிவிட்டுப் பாதியில் நின்ற பிள்ளை, இரண்டாம் தடவை அளவாக ஓடக் கற்றிருக்கும். எந்தத் திட்டமும் இல்லாத பக்கத்துப் பள்ளியிலும் இதே முன்னேற்றம் இருக்கக்கூடும். அங்கே போய் அளக்காதவரை நமக்குத் தெரியாது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பள்ளியில் ஓடிய பிள்ளை வீட்டுக்குப் போனதும் என்ன செய்கிறது? இங்கிலாந்தின் பிளிமத் நகரில் டெரன்ஸ் வில்கின் என்ற மருத்துவரின் குழு இதை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டது. மூன்று பள்ளிகள். ஒன்றில் வாரத்துக்கு 9 மணி நேரம் உடற்கல்வி, அடுத்ததில் 2.2 மணி, மூன்றாவதில் 1.8 மணி. 215 பிள்ளைகளின் இடுப்பில் ஆக்சிலரோமீட்டர் என்ற அசைவு அளக்கும் கருவியைக் கட்டி நாள் முழுக்கப் பதிவுசெய்தார்கள். பள்ளி நேரத்தில் முதல் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முன்னே இருந்தார்கள். ஆனால் முழு நாள் கணக்கைக் கூட்டினால் மூன்று பள்ளிகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. பள்ளியில் குறைவாக விளையாடியவர்கள் மாலையில் அந்தக் குறையை ஈடுகட்டியிருந்தார்கள். பிள்ளையின் உடலுக்குள்ளேயே ஓர் அளவு இருக்கிறது, ஒரு நேரத்தில் கூடினால் இன்னொரு நேரத்தில் குறைத்துக்கொள்ளும் என்ற கருதுகோளை வில்கின் இதிலிருந்து வளர்த்தார். அது இன்றுவரை விவாதத்தில் இருக்கிறது.

மூன்று பள்ளிகளை வைத்து உலகத்துக்கெல்லாம் விதி எழுதிவிட முடியாதுதான். ஆனாலும் பள்ளி நேரத்தை மட்டும் அளந்துவிட்டு முழு நாளைப் பற்றிப் பேசக் கூடாது என்ற பாடத்தை அந்த ஆய்வு ஆழமாக ஊன்றிவிட்டது. எனக்கு இதில் வேறொரு சிந்தனையும் ஓடுகிறது. மாலையில் ஈடுகட்டுவதற்கு ஒரு மாலை வேண்டும். வீட்டைச் சுற்றி இடம் வேண்டும், வெளியே போக அனுமதி வேண்டும். பள்ளி விட்டதும் டியூஷனுக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் பையனுக்கு அந்த மாலை கிடையாது. வயதுக்கு வந்த பிறகு தெருவில் விளையாடக் கூடாது என்று நிறுத்தப்பட்ட பெண்ணுக்கும் கிடையாது. அவளுக்குப் பள்ளியில் கிடைக்கும் நாற்பது நிமிடம்தான் அன்றைய மொத்தக் கணக்கு. பிளிமத்தில் ஈடுகட்டப்பட்டதைப் போல இங்கும் ஆகும் என்று வைத்துக்கொண்டு பள்ளி விளையாட்டு நேரத்தைக் குறைத்து மதிப்பிட்டால், இழப்பு முதலில் இவர்களுக்குத்தான். 2016-ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளைக் கணக்கிட்டபோது, 11 முதல் 17 வயதுக்குள் போதிய உடலசைவு இல்லாதவர்கள் 81 சதவீதம். பெண்களில் 85, ஆண்களில் 78.

இந்தத் துறையின் மொத்த ஆய்வுகளையும் திரட்டிப் பார்க்கும் வேலையைக் காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பு செய்துவருகிறது. 2021-இல் அது வெளியிட்ட தொகுப்பில் 89 ஆய்வுகள், 66,752 பிள்ளைகள். பள்ளித் திட்டங்களால் மூச்சிரைக்கும் அளவு உடலசைவு சராசரியாக நாளுக்கு ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை; 0.73 நிமிடம் என்று வந்தது. நெஞ்சு, நுரையீரல் தாங்கும் திறன் மட்டும் சற்றுக் கூடியிருந்தது. படித்ததும் மனம் சோர்ந்துபோகும் எண் இது. இத்தனை ஆண்டுகள், இத்தனை பணம், ஒரு நிமிடம்கூட இல்லையா?

அந்தச் சராசரிக்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். உண்மையாகவே நடந்த திட்டங்களும், காகிதத்தில் மட்டும் நடந்த திட்டங்களும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர், எஸ்செக்ஸ் பகுதிகளில் ‘கோ-ஆக்டிவ்’ என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். 16 பள்ளிகள், 13-14 வயதுடைய 2,862 மாணவர்கள். வகுப்புதோறும் தாங்களே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுப்பது, மூத்த மாணவர்கள் வழிநடத்துவது, பங்கேற்றால் புள்ளி தருவது என்று நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. சிறிய அளவில் செய்த முன்னோட்டம் நம்பிக்கை தந்தது. பெரிய அளவில் செய்து 2020-இல் வெளியிட்டபோது, திட்டம் நடந்த பள்ளிகளின் பிள்ளைகள் மற்றவர்களைவிட நாளுக்கு இரண்டு நிமிடம் குறைவாகவே அசைந்திருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், பள்ளிகளில் திட்டம் நினைத்த அளவுக்கு நடக்கவே இல்லை. வகுப்பு ஆசிரியருக்கு நேரமில்லை, மூத்த மாணவர்கள் வந்து சேரவில்லை. இதை ‘பயன் தராத திட்டம்’ என்று எழுதுவதா, ‘நடக்காத திட்டம்’ என்று எழுதுவதா? இரண்டுக்கும் மருந்து வேறு. முதலாவதென்றால் திட்டத்தை மாற்ற வேண்டும். இரண்டாவதென்றால் ஆசிரியரின் வேலைச் சுமையை மாற்ற வேண்டும்.

எனவே பிள்ளையை அளப்பதற்கு முன்னால் அந்தப் பீரியடை அளக்க வேண்டும். நான் சொல்ல வருவது இதைத்தான். பீரியட் நடந்ததா? நடந்தபோது யார் அசைந்தார்கள்? எவ்வளவு நேரம்?

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 1991-இல் தாம் மெக்கன்சி என்ற அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ‘சோஃபிட்’ என்ற கவனிப்பு முறையை உருவாக்கினார்கள். பார்ப்பவர் மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறார். முன்கூட்டியே குருட்டாம்போக்கில் நான்கு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்திருப்பார். ஒரு பிள்ளையை 10 வினாடி பார்ப்பது, அடுத்த 10 வினாடியில் குறிப்பது. படுத்திருந்தால் 1, உட்கார்ந்திருந்தால் 2, நின்றால் 3, நடந்தால் 4, அதற்கு மேல் தீவிரமாக இருந்தால் 5. கூடவே அந்த நேரத்தில் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதையும் குறிப்பார். வரிசையில் நிற்கிறார்களா, விதி கேட்டுக்கொண்டிருக்கிறார்களா, ஆட்டமா, பயிற்சியா. ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதும் குறிப்பில் வரும். நான்கு நிமிடம் கழித்து அடுத்த பிள்ளை. வகுப்பு முடிந்ததும் 4, 5 என்று விழுந்த குறிகள் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் போதும். வகுப்பு நேரத்தில் பாதியாவது பிள்ளைகள் நடந்தோ ஓடியோ இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நலவாழ்வு இலக்குகளில் இடம்பெற்ற அளவு.

நம் ஊர்ப் பள்ளி மைதானம் ஒன்றில் இந்தக் கண்ணோடு நின்று பார்த்தால் என்ன தெரியும்? நாற்பது நிமிடப் பீரியட். வகுப்பிலிருந்து வரிசையாக இறங்கி வருவதில் சில நிமிடம். அட்டென்டன்ஸ், உயரவாரியாக நிற்க வைப்பது, கை இடைவெளி விடுவது. கொஞ்சம் மாஸ் டிரில். பிறகு ஒரே ஒரு வாலிபால் வெளியே வரும். நன்றாக ஆடும் பன்னிரண்டு பேர் வலையின் இரு பக்கமும் போவார்கள். மீதி இருபத்தைந்து முப்பது பேர் வேப்பமரத்தடியில். பெண் பிள்ளைகளுக்கு ஒரு டென்னிகாய்ட் வளையமோ எறிபந்தோ கிடைக்கும், அதையும் நான்கைந்து பேர்தான் ஆடுவார்கள். கால அட்டவணையில் இது ஒரு பீரியட். அறிக்கையில் நாற்பது பேர் பங்கேற்றார்கள். சோஃபிட் தாளில் பெரும்பாலும் 2, 3 என்றுதான் விழும்.

இந்த நிலைக்குப் பி.டி. சாரையோ பி.டி. மிஸ்ஸையோ குறைசொல்வது எளிது. ஆனால் பல பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே உடற்கல்வி ஆசிரியர். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி என்று பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுகளுக்கு அணியைத் தயார்செய்வதும் அவர்தான். காலை இறைவணக்கக் கூட்டம், ஒழுங்கு, விழா ஏற்பாடு எல்லாம் அவர் தலையில். அவர் பணியை மதிப்பிடுவதே எத்தனை கோப்பை வந்தது என்பதை வைத்து என்றால், அவர் பன்னிரண்டு பேரைத்தான் பார்ப்பார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் முப்பது பேர் எந்தக் கணக்கிலும் வராதவரை அவர்களை எழுப்ப யாருக்கும் காரணம் இருக்காது.

எழுப்ப முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா, லூயிசியானா, மின்னசோட்டா, டெக்சஸ் ஆகிய நான்கு மாநிலங்களில் 1991 முதல் 1994 வரை 96 தொடக்கப் பள்ளிகளில் ‘கேட்ச்’ என்ற பெரிய சோதனை நடந்தது. மூன்றாம் வகுப்பில் தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரை 5,106 பிள்ளைகள். புதிதாக நேரம் எதுவும் சேர்க்காமல், இருக்கும் உடற்கல்வி வகுப்பையே மாற்றினார்கள். ஆசிரியருக்குப் பயிற்சி தந்தார்கள். ஆட்டமிழந்தவர் வெளியே உட்காரும் விளையாட்டுகளைக் குறைத்தார்கள். பந்துக்காகக் காத்து நிற்கும் நேரம் குறையும் வகையில் பாடங்களை அமைத்தார்கள். சோஃபிட் கொண்டு அளந்தபோது, திட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் வகுப்பு நேரத்தின் 52 சதவீதத்தில் அசைந்துகொண்டிருந்தார்கள். ஒப்பீட்டுப் பள்ளிகளில் 42 சதவீதம். மதிய உணவில் கொழுப்பும் குறைந்தது.

ஆனால் அந்தப் பிள்ளைகளின் கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவற்றில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. 1996-இல் முடிவு வெளியானபோது பலரும் கைவிரித்தது அதனால்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மூன்று ஆண்டு கழித்துக் கிடைத்த செய்தி. திட்டம் முடிந்து, அந்தப் பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குப் போய் எட்டாம் வகுப்பில் இருந்தபோது மறுபடி கேட்டார்கள். தீவிரமாக விளையாடும் நேரத்தில் அவர்கள் இன்னும் மற்றவர்களைவிட முன்னே இருந்தார்கள். இடைவெளி குறைந்திருந்தது, ஆனால் மறையவில்லை. பள்ளியில் பழகியது பள்ளியைத் தாண்டியும் சிலகாலம் உடன்வந்திருக்கிறது. ஓராண்டோடு அளவெடுப்பதை நிறுத்தியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

பிள்ளையைச் சோதிப்பதும் திட்டத்தை மதிப்பிடுவதும் ஒன்று என்ற குழப்பம் பழையது. 1950-களின் தொடக்கத்தில் கிராஸ், வெபர் என்ற இருவரின் பெயரால் அமைந்த ஆறு எளிய தசைச் சோதனைகளை அமெரிக்கப் பிள்ளைகளுக்கு வைத்தபோது 57.9 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றில் தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் தோற்றவர்கள் 8.7 சதவீதம். அதிபர் ஐசன்ஹோவர் அதிர்ந்துபோய் 1956-இல் இளையோர் உடல்தகுதிக்கென ஒரு குழுவையே அமைத்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் பள்ளிதோறும் நடந்த அதிபர் உடல்தகுதித் தேர்வு. தண்டால், புல்-அப், ஓட்டம். முதல் 15 சதவீதத்துக்குள் வருபவருக்கு விருது. அது 2012-13 கல்வியாண்டோடு நிறுத்தப்பட்டு, 2025-இல் அதிபர் டிரம்பின் ஆணையால் திரும்பியிருக்கிறது. அத்தனை பத்தாண்டுகளில் அந்தத் தேர்வு யாரைச் சிறந்தவர் என்று சொன்னதே தவிர, எந்தப் பள்ளியின் உடற்கல்வி எப்படி நடக்கிறது என்று சொன்னதில்லை.

இந்தியாவில் 2019-இல் கேலோ இந்தியா உடல்தகுதி மதிப்பீட்டுச் செயலி வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பி.எம்.ஐ., ஒற்றைக்காலில் நிற்கும் ஃபிளமிங்கோ சோதனை, இரு தட்டுகளை மாற்றி மாற்றித் தொடும் சோதனை. நான்காம் வகுப்பிலிருந்து 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து முன்னே எட்டுவது, அரைவாசி எழும் கர்ள்-அப், புஷ்-அப். ஆசிரியர் அளந்து பதிவேற்ற வேண்டும். சோதனைகளில் தவறில்லை, ஒரு தலைமுறையின் உடல்நிலை எங்கே போகிறது என்று நாட்டளவில் அறிய அந்தத் தரவு பயன்படும். ஆனால் பள்ளிகள் பதிவேற்றியதோடு கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கின்றன. மத்திய அரசின் ஃபிட் இந்தியா இயக்கம் பள்ளிகளுக்குத் தரும் அங்கீகாரமான ஃபிட் இந்தியா பள்ளிக் கொடிக்கு நாளுக்கு ஒரு உடற்கல்விப் பீரியட், ஒவ்வொரு மாணவருக்கும் 60 நிமிட உடலசைவு என்றெல்லாம் நல்ல நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளி தானே அறிவித்துக்கொள்கிறது. அறிவிப்பை மைதானத்தில் நின்று சரிபார்க்கிறவர் ஒருவர் வேண்டும்.

சோதனை முடிவை வீட்டுக்கு அனுப்பினால் பெற்றோர் விழித்துக்கொள்வார்கள் என்றொரு நம்பிக்கையும் உண்டு. நியூயார்க் நகரப் பள்ளிகளில் பி.எம்.ஐ. குறிப்போடு உடல்தகுதி அறிக்கை வீட்டுக்குப் போனது. ‘அதிக எடை’ என்ற கோட்டுக்குச் சற்றே மேலே இருந்த பெண் பிள்ளைகளையும் சற்றே கீழே இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். உடலளவில் இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான், கிடைத்த பட்டம்தான் வேறு. 2016-இல் வெளியான முடிவின்படி, அந்தப் பட்டம் பெற்றவர்கள் மெலியவில்லை. அடுத்த ஆண்டு எடை இம்மியளவு கூடவே செய்திருந்தது. கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் சுமார் 29,000 மாணவர்களை வைத்துச் செய்த சோதனை 2021-இல் வந்தது. வீட்டுக்கு அறிக்கை அனுப்பியதால் எடையில் மாற்றம் இல்லை. தன் உடல்மேல் வரும் அதிருப்தி மட்டும் கூடியிருந்தது. பிள்ளையை எல்லோர் முன்னாலும் எடை பார்த்து உரக்கச் சொல்லும் வழக்கம் உள்ள பள்ளிகள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். அடுத்த முறை அளக்கும் நாளில் எந்தப் பிள்ளை வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிடுகிறது என்று பாருங்கள்.

மதிப்பெண் குறைந்துவிடும் என்ற பயத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ட்ருவா-ரிவியேர் பகுதியில் 1970-களில் 546 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஆறு ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பாட நேரத்திலிருந்து எடுத்து, திட்ட வகுப்புகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்கல்வி தந்தார்கள். பாட நேரம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்தது. படிப்பு பின்தங்கவில்லை, சற்று முன்னேதான் இருந்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது பி.டி. பீரியடில் கணக்கு டெஸ்ட் வைப்பதற்கு ஆதாரமாக இப்படியொரு நீண்ட ஆய்வை யாரும் காட்டியதில்லை.

இந்தக் கேள்விகளைக் கேட்கத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மையினர் பெற்றோர். கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிக் கேட்கிறோம். கூடவே இதையும் கேட்கலாம். போன மாதம் எட்டாம் வகுப்புக்கு அட்டவணையில் எத்தனை பி.டி. பீரியட்? அதில் எத்தனை நடந்தது? வேறு பாடத்துக்குப் போனவை எவை? ஒரு பீரியடுக்கு எத்தனை பந்து வெளியே வருகிறது? பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆடினார்கள், ஆடாதவர்கள் சொன்ன காரணம் என்ன? உடையா, கழிப்பறையா, மாதவிடாய் நாட்களா, பையன்கள் மைதானம் முழுவதையும் எடுத்துக்கொள்வதா? பெற்றோரில் ஒருவர் கைக்கடிகாரமும் ஒரு தாளும் எடுத்துக்கொண்டு ஒரு பீரியட் முழுக்க ஓரமாக நின்று, நான்கு பிள்ளைகளைப் பார்த்துக் குறித்துவிட்டு வரலாம். ஜூலையில் ஒரு தடவை, பொதுத்தேர்வுக்கு முந்தைய ஜனவரியில் ஒரு தடவை. பிள்ளைகளின் பெயர் எழுத வேண்டாம். வகுப்பையும் நாளையும் மட்டும் எழுதினால் போதும். அந்தத் தாள் அடுத்த கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டில் இடம்பெற்றால், பந்து வாங்கவும் இன்னொரு உடற்கல்வி ஆசிரியரைக் கேட்கவும் தலைமையாசிரியர் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.